தூரமும் சாந்நித்தியமும்

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வீதம் நடக்கவல்ல திடகாத்திரமான மனிதர் ஒருவர், செம்பரம்பாக்கம் ஏரியையும் ஸ்ரீபெரும்புதூரையும் கடந்து, வெயிலுக்கு ஒதுங்காமலும் வழியில் உட்காராமலும் நடந்தாரானால், 10 மணி நேரத்தில் வரதராஜப் பெருமாளின் சந்நிதியைச் சேரலாம். மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், சுமார் 8,200 கிலோமீட்டர். இடையில் இறங்காமல் நேராகச் செல்லும் விமானம் அதை 10 அல்லது 11 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே, பதினோராம் நூற்றாண்டில் பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், கையில் பூக்கூடையோடு காஞ்சிக்கு நடந்த நேரமும், இன்று அம்பத்தூரிலோ ஆவடியிலோ வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பும் ஒரு தாய், பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளைப் பார்க்க ஆகாயத்தில் அமர்ந்திருக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றேயாகும்.

காலத்தின் அளவு ஒன்றாயிருக்க, இடத்தின் அளவு மட்டும் நூற்று அறுபது மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அப்படியானால் காஞ்சி நம்பிகளுக்கு எவ்வளவு தூரம்? லண்டன் அந்தத் தாய்க்கு எவ்வளவு தூரம்? இந்தக் கேள்வியைப் பிரயாண விவகாரமாக மட்டும் கருதி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கும் நிறைந்தவன் என்று நாம் துதிக்கும் இறைவனுக்கும், அவனை நாடிப் புறப்படும் அடியவனுக்கும் நடுவே தூரம் என்று ஒன்று உண்மையாகவே உண்டா, உண்டென்றால் அது எதனால் ஆயது என்ற பழைய சமய விசாரம் இதனுள்ளே அடங்கியிருக்கிறது. அந்த விசாரத்துக்கு விடை சொல்லத்தக்க இரண்டு வரலாறுகள், சென்னைக்கு மேற்கே, ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ள இரண்டு ஊர்களில் நிகழ்ந்திருக்கின்றன.

முதலில் தூரம் என்பதைப் பற்றி நம் தார்க்கிகர்கள் சொன்னதைச் சற்றே நினைவுகூர வேண்டும். வைசேஷிக தரிசனம் ஒன்பது திரவியங்களை எண்ணும்போது திக்கையும் காலத்தையும் தனித்தனித் திரவியங்களாகவே வைத்தது. இரண்டும் நித்தியமானவை, இரண்டும் எங்கும் வியாபித்தவை என்றது. பரத்துவம், அபரத்துவம் என்னும் இரண்டு குணங்களை, அதாவது சேய்மை, அண்மை என்பவற்றை, அது இருவகையாகப் பிரித்தது: இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கும் பரப்பின் மிகுதியால் வருவது ஒன்று, சூரியனுடைய சஞ்சாரங்கள் இடையில் எத்தனை கழிந்தன என்பதால் வருவது மற்றொன்று. பக்கத்து ஊரும் அயல் தேசமும் முதல் வகையால் வேறுபடுகின்றன. மூத்தவனும் இளையவனும் இரண்டாம் வகையால் வேறுபடுகின்றனர். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்று அந்தத் தரிசனம் அத்தனை கண்டிப்பாக இருந்ததன் அருமை, விமானம் வந்த பிறகுதான் நமக்கு நன்றாக விளங்குகிறது. நடப்பவனுக்கு இடமும் காலமும் ஒன்றோடொன்று பிணைந்தே செல்கின்றன. பறப்பவனுக்கோ அவை பிரிந்து போகின்றன. லண்டனுக்குப் போகையில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் மேலடுக்குக் காற்று எதிர்ப்பதால் நேரம் கூடுகிறது. திரும்புகையில் அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் நேரம் குறைகிறது. தூரம் ஓர் அங்குலமும் மாறவில்லை, காலம் மாறிவிட்டது.

ஸான் பிரான்ஸிஸ்கோ பிரயாணத்தில் இது இன்னும் விசித்திரமாகிறது. சென்னையிலிருந்து அந்நகரம் சுமார் 13,900 கிலோமீட்டர். துபாயிலோ பிராங்க்பர்ட்டிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறித்தான் போக வேண்டியிருப்பதால் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். குளிர்காலத்தில், திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கிளம்பி 22 மணி நேரம் பிரயாணம் செய்தவர், அங்கே இறங்கும்போது அதே திங்கட்கிழமை மாலை ஆறரை மணிதான் ஆகியிருக்கும். ஒரு பகலும் இரவும் அவருடைய ஆயுளிலிருந்து கழிந்துவிட்டன, நாள்காட்டியிலிருந்து கழியவில்லை. திரும்பி வரும்போது அந்தக் கடனைக் காலம் வட்டியில்லாமல் வசூலித்துக்கொள்கிறது.

இனி நம்பிகளிடம் வருவோம். வைசிய குலத்தில் தோன்றி, ஆளவந்தாருடைய திருவடிகளை ஆசிரயித்து, பிற்காலத்தில் ராமானுஜருக்கே வழிகாட்டியாக நின்ற இம்மகானுக்கு வாய்த்த கைங்கரியம் திருவாலவட்டம், அதாவது பெருமாளுக்கு விசிறி வீசுதல். இது அவருக்குக் காஞ்சியில் கிடைத்ததற்கு மரபு ஒரு காரணம் கூறுகிறது. அக்காரணம் என் மனத்தை நெடுங்காலமாகக் கவர்ந்து வருகிறது. அவர் முதலில் திருவரங்கத்துக்குச் சென்று அரங்கனுக்கு விசிற முற்பட்டாராம். இரு புறமும் காவிரி ஓடும் இந்த இடத்தில் எனக்கு வெப்பம் இல்லை என்று அரங்கன் விலக்கினானாம். திருமலைக்குச் சென்றார், மலையின் குளிர்ச்சியில் எனக்கு விசிறி எதற்கு என்றானாம் வேங்கடவன். காஞ்சியிலோ, பிரம்மதேவன் செய்த வேள்வித் தீயிலிருந்து எழுந்தருளிய வரதன், அந்த வெம்மை தீராதவனாய், வா, வந்து வீசு என்று ஏற்றுக்கொண்டானாம்.

இதைப் பக்தர்கள் கட்டிய அழகிய கதை என்று புன்னகையோடு ஒதுக்கிவிடுவோர் இருக்கலாம். ஆனால் இதன் உட்கருத்து மிகவும் ஆழமானது. பரம்பொருள் ஒன்றே, அதற்கு வெப்பமும் குளிர்ச்சியும் இல்லை என்று வேதாந்தம் சொல்வதை வைஷ்ணவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்திருந்தும், ஓர் இடத்தில் எழுந்தருளிய பெருமாள் அந்த இடத்தின் தட்பவெப்பத்தையும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறான் என்று துணிந்து சொன்னார்கள். ஊர் ஒன்றில் இருப்பது என்றால் அந்த ஊரின் வெயிலும் படுவதுதானே? வெயில் படாமல் ஊரில் மட்டும் இருப்பது, வரைபடத்தில் புள்ளி வைப்பதற்கு ஒப்பாகுமேயன்றி வாசமாகாது.

நம்பிகள் பூந்தமல்லியில் மலர் வளர்த்து, அதை எடுத்துக்கொண்டு நாள்தோறும் காஞ்சிக்குச் சென்றார் என்று மரபு சொல்கிறது. போக 10 மணி, வர 10 மணி என்று கணக்கிட்டு, கைங்கரியத்துக்கும் நித்திரைக்கும் நேரம் எங்கே என்று கேட்பவருக்கு நான் விடை சொல்லப் புகவில்லை. நாள்தோறும் என்ற சொல்லைத் திருப்பணியின் இடையறாமையைக் குறிப்பதாகக் கொண்டாலும் எனக்குக் குறையில்லை. நான் கருதுவது வேறு. அந்தப் பெருமாளுக்குக் காஞ்சியில் மலர் கிடைக்காமலா போயிற்று? நந்தவனங்கள் நிறைந்த ராஜதானி அது. 50 கிலோமீட்டர் சுமந்து வந்ததனால் மலரின் மணம் குறைந்திருக்குமேயன்றிக் கூடியிராது. எனினும் அந்த மலரோடு, ஒரு மனிதன் திரும்பப் பெற முடியாத பத்து மணி நேரமும் சேர்ந்து சமர்ப்பிக்கப்பட்டது. நடை, மலரைக் கொண்டு சேர்ப்பதற்கான உபாயமாக மட்டும் இருந்திருந்தால், குதிரையில் வந்த மலரே உயர்ந்ததாகிவிடும். நடையே நிவேதனத்தின் ஒரு பகுதியாக இருந்தபடியால்தான் அது அவ்வாறு ஆகவில்லை.

நம்பிகளுக்கு மூப்பு வந்தது, கால் தளர்ந்தது. அப்போது வரதன், முன்பு விசிறியை மறுத்த அரங்கனையும் வேங்கடவனையும் உடன்கொண்டு பூந்தமல்லிக்கே வந்து காட்சி கொடுத்தான் என்பது அந்தத் தலத்தின் வரலாறு. பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் மூவரையும் சேவிக்கலாம். அடியவன் நடக்க முடியாமற் போன அன்று, எங்கும் இருக்கிற நான் உன் உள்ளத்திலும் இருக்கிறேனே, இனி நடக்க வேண்டாம் என்று அசரீரியாகச் சொல்லியிருந்தாலும் சாஸ்திரத்துக்கு முரண் இல்லை. அவன் அப்படிச் சொல்லவில்லை. புறப்பட்டு வந்தான் என்றே சொல்கிறார்கள். நடுவிலிருந்த தூரம் பொய் என்றால் அதை அழித்துவிடலாம். மெய்யாக இருந்தபடியால் இவன் நடக்க முடியாதபோது அவன் கடக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது வரலாறு, ஆவடியைத் தாண்டி, பட்டாபிராமுக்கு மேற்கே உள்ள திருநின்றவூரில் நடந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ஓடிய தடம் இந்த ஊரை ஒட்டித்தான் செல்கிறது. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஓர் அடிகூட நகராமல் நெடுந்தூரம் சென்றவர் ஒருவர் இங்கே இருந்தார். அவர் பூசலார் நாயனார். அவர் கதையை நமக்குச் சொன்ன சேக்கிழாரும் இந்தப் பக்கத்தவரே; பூந்தமல்லிக்குத் தெற்கே அண்மையிலுள்ள குன்றத்தூர் அவர் ஊர்.

பூசலார் சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பொருள் தேடினார், எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே கட்டுவது என்று நிச்சயித்தார். இங்கேதான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியது இருக்கிறது. மனோவேகம் என்று நாம் சொல்கிறோம். மனத்துக்குக் கடலும் மலையும் தடையல்ல. நினைத்த மாத்திரத்தில் கைலாசம் சென்று திரும்பலாம். அப்படிப்பட்ட மனத்தைக் கொண்டு கட்டுபவர், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏழு நிலைக் கோபுரத்தை எழுப்பியிருக்கலாமே? பூசலார் அப்படிச் செய்யவில்லை. மனத்தால் நிதியைச் சேர்த்தார், மனத்தால் கல்லும் மரமும் சேகரித்தார், தச்சரை வரவழைத்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவிலும் கண் துஞ்சாமல் வரிசை வரிசையாகச் சுவரை உயர்த்தினார், விமானம் முடித்தார், சிகரம் வைத்தார், சுதை பூசினார், கிணறு வெட்டினார், மதில் எடுத்தார், குளம் தோண்டினார். கல்லால் கட்டுகிறவனுக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாளைத் தம் மனத்துக்கும் விதித்துக்கொண்டார். வேகமே இயல்பான ஒரு கருவியை அவர் வேண்டுமென்றே கல்லின் வேகத்துக்கு இறக்கினார். பிறகு கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார்.

அதே நாளைக் காஞ்சியில் பல்லவ மன்னனும் குறித்திருந்தான். அவன் கட்டியது கற்றளி. ஆராய்ச்சியாளர் பலர் அவனை இரண்டாம் நரசிம்மவர்மனாகிய ராஜசிம்மன் என்றும், அந்தக் கோயிலைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் என்றும் கொள்வர். முதல் நாள் இரவு இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்தில் நாளை நாம் புகப்போகிறோம், நீ உன் காரியத்தை வேறொரு நாளில் வைத்துக்கொள் என்று பணித்தான். அரசன் தேடிக்கொண்டு திருநின்றவூருக்கு வந்து, கோயில் எங்கே என்று கேட்க, ஊரார் அப்படி ஒன்று இல்லையே என்று திகைத்ததும், பின்னர் பூசலார் உண்மையைச் சொன்னதும், மன்னன் விழுந்து வணங்கியதும் தமிழ்நாடு நன்கு அறிந்தவை. திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. பூந்தமல்லியைப் போலவே அந்த ஊரும் காஞ்சிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக மனக்கோயிலின் மேன்மையைப் பாராட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாராட்டத் தக்கதே. ஆயினும் இதில் ஒரு பெரிய சங்கடம் பேசப்படாமலே போகிறது. சிவன் சர்வவியாபி அல்லவா? அஷ்டமூர்த்தியாய் நிலமும் நீரும் தீயும் காற்றும் வானும் தானாக நிற்பவன் அல்லவா? காஞ்சியில் ஒன்றும் நின்றவூரில் ஒன்றுமாக இரண்டு கோயில்களில் ஒரே முகூர்த்தத்தில் எழுந்தருள்வது அவனுக்கு முடியாத காரியமா? இரண்டு என்ன, இரண்டாயிரம் கோயில்களில் ஒரே நாளில் கும்பாபிஷேகம் நடந்தாலும் அனைத்திலும் சாந்நித்தியம் கொள்ளக்கூடியவன், வேறு நாள் வை என்று ஓர் அரசனிடம் ஏன் கேட்க வேண்டும்?

வியாபகம் வேறு, சாந்நித்தியம் வேறு என்பதே இதற்கு விடை என்று நான் எண்ணுகிறேன். எங்கும் இருத்தல் இறைவனுடைய இயல்பு. அதற்காக அவன் ஒன்றையும் விட வேண்டியதில்லை. ஆகையால் அதை ஒருவனுக்குக் கொடுத்ததாகவும் சொல்ல முடியாது. ஓர் இடத்துக்கு வருதல் என்பதோ, வேறோர் இடத்தில் அந்த நேரத்தில் இல்லாமையையும் ஏற்றுக்கொள்வது. நாளை உன்னிடம் வரவில்லை, அவனிடம் போகிறேன் என்று சொன்ன அந்த வாக்கினால்தான் பூசலாரிடம் வந்தது வருகையாயிற்று. தன் மெய்யன்பனுக்காக அந்த ஒரு நாள் மட்டும் இறைவன் தானும் இடத்துக்கும் காலத்துக்கும் உட்பட்டவனைப் போல ஒழுகினான். அதைவிடப் பெரிய கருணையை என்னால் நினைக்க முடியவில்லை.

பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசனபூஷணத்தில் இறைவனுடைய ஐந்து நிலைகளையும் நீருக்கு ஒப்பிட்டுச் சொன்ன இடத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அண்டத்துக்கு அப்பாற்பட்டுச் சூழ்ந்திருக்கும் நீரைப் போன்றது பரநிலை. பாற்கடல் போன்றது வியூகம். பெருக்கெடுத்து ஓடிப்போன ஆறு போன்றவை ராமன், கிருஷ்ணன் முதலிய அவதாரங்கள். அந்த ஆறு வற்றியபின் தங்கிநிற்கும் மடுக்கள் போன்றவை கோயில்களிலுள்ள அர்ச்சாவதாரங்கள். பூமிக்குள் மறைந்திருக்கும் நீர் போன்றது உள்ளுறைந்த அந்தர்யாமி. தாகம் எடுத்தவனை வைத்துத் தூரத்தை அளந்தார் அந்த ஆசாரியர். நிலத்தடி நீர் காலடியில்தான் இருக்கிறது; கிலோமீட்டர்க் கணக்கில் அதைவிடச் சமீபமானது வேறில்லை; ஆனால் கையில் மண்வெட்டி இல்லாதவனுக்கு அது பாற்கடலுக்குச் சமம். மடு ஒரு காத தூரத்தில் இருந்தாலும், நடந்துபோனால் குனிந்து அள்ளிக் குடிக்கலாம். கோடை தோறும் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையாக வைத்த அனுபவமுள்ள நம் புறநகர் வாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூசலார் காலடியைத் தோண்டினார். நம்பிகள் மடுவுக்கு நடந்தார். தோண்டுவதற்கும் நடப்பதற்கும் காலம் பிடித்தது; இருவரும் அந்தக் காலத்தைக் கொடுத்தார்கள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலில் இதே உணர்வை இன்றும் கண்ணால் காணலாம். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில், காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மனையும், உச்சியில் திருவொற்றியூரில் வடிவுடையம்மனையும், மாலையில் திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பது விசேஷம் என்று ஆயிரக்கணக்கானோர் புறப்படுகிறார்கள். இச்சா சக்தியும் ஞான சக்தியும் கிரியா சக்தியும் ஒன்றே என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஒன்றானவளை மூன்று ஊர்களில், மூன்று வேளைகளில், நெரிசலிலும் புழுதியிலும் தேடிச் சென்று தரிசிக்கிறார்கள்.

தூரத்தைச் சமயம் ஒரு காலத்தில் அஞ்சியதும் உண்டு. கடல் கடந்து போகிறவன் பதிதனாகிறான் என்ற போதாயனருடைய விதி, நம் முன்னோர் பலரைக் கரையிலேயே நிறுத்தியது. கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் நெவாஸா என்ற கப்பலில் ஏறியபோது அந்தத் தயக்கம் அவரையும் அவர் குடும்பத்தையும் எவ்வளவு வருத்தியது என்பதும், நாமகிரித் தாயாரின் அருளாணை கிடைத்ததாக நம்பிய பிறகே அது தீர்ந்தது என்பதும் பலரும் எழுதியிருப்பவை. ஏப்ரல் 14 அன்று அவர் லண்டன் சேர்ந்தார், 28 நாள். அந்த விதியை நான் ஆதரித்துப் பேசவில்லை. அது பலரைக் காரணமின்றித் துன்புறுத்தியது. ஆயினும் அதை வகுத்தவர்கள், மனிதன் தன் நிலத்தை விட்டு அகன்றால் அவனுடைய கர்மங்களுக்கும் ஏதோ நேருகிறது என்று உணர்ந்திருந்தார்கள். அந்த உணர்வைப் பிழை என்று நான் தள்ளமாட்டேன்.

ஏனெனில் நம் கர்மங்கள் அனைத்தும் சங்கற்பத்தில் தொடங்குகின்றன. சங்கற்பமோ, செய்பவன் எங்கே நிற்கிறான், எப்போது நிற்கிறான் என்பதைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. ஜம்பூத்வீபம், பாரத வருஷம், மேருவுக்குத் தென்புறம் என்று இடத்தையும், வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று காலத்தையும் உச்சரித்த பிறகே, இன்னதைச் செய்யப் போகிறேன் என்று சொல்ல உரிமை உண்டாகிறது. அமெரிக்காவில் குடியேறிய புரோகிதர்கள் பலர் ஜம்பூத்வீபத்துக்குப் பதிலாகக் கிரௌஞ்ச த்வீபம் என்று சொல்லிச் சங்கற்பம் செய்து வைக்கிறார்கள். புராண பூகோளப்படி அது சரிதானா என்று வித்வான்கள் வாதாடட்டும். நான் அதைக் கேட்டு மகிழ்ந்தேன். கலிபோர்னியாவில் நின்றுகொண்டு மேருவின் தென்புறத்தில் நிற்பதாகச் சொல்வதைவிட, நிற்கும் இடத்தை நிற்கும் இடமாகவே சொல்ல முயலும் அந்த நேர்மை போற்றத்தக்கது.

திதியின் விஷயமும் இதுவே. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகுவது ஒரு திதி. அது தொடங்கும் கணம் உலகம் முழுமைக்கும் ஒன்றே. ஆனால் சிராத்தம் செய்யும் நாளை நிர்ணயிப்பது அந்தந்த ஊரின் சூரியன். அதனால் தந்தையின் திதி ஆவடியில் இருக்கும் தம்பிக்கு ஒரு தேதியிலும், ஸான் பிரான்ஸிஸ்கோவில் இருக்கும் தமையனுக்கு வேறொரு தேதியிலும் வரலாம். எது சரி என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. இரண்டும் சரி. ஊரில் என்றைக்கோ அன்றைக்கே நானும் செய்கிறேன் என்று தொலைபேசியை வைத்துக்கொண்டு நடுநிசியில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது, பாசத்தின் காரணமாகச் செய்யப்படுவதானாலும், தான் நிற்கும் இடத்தை மறுப்பதாகும்.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றும் வார்ப்பு உலையின் முன் வெந்தும் சம்பாதித்த தகப்பன்மார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பிள்ளைகள் லண்டனுக்கும் கலிபோர்னியாவுக்கும் போனார்கள். இன்று அந்தத் தகப்பன்மார் ஒவ்வொருவராகக் கண்மூடுகின்ற காலம். முன்பு, காலையில் உயிர் போனால் மாலைக்குள் காரியம் முடிந்துவிடும். இரவு தாண்ட விடமாட்டார்கள். இப்போது ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். “பையன் பிளைட் ஏறிட்டானா? துபாய் வந்துட்டானா?” என்று உறவினர்கள் வாசலில் நாற்காலியில் அமர்ந்து விசாரித்துக்கொண்டிருப்பதை எந்தத் தெருவிலும் கேட்கலாம். பெரியவர்கள் சிலர் இது சாஸ்திர விரோதம் என்று முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காஞ்சி மன்னன் தன் முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தது போல், ஒரு குடும்பம் தன் முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கிறது. 13,900 கிலோமீட்டர் உண்மையானது என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தூரத்துக்குரிய ஒரு பகலையும் இரவையும் கொடுக்கிறது.

நான் மனம் ஒப்பாதது வேறொன்று. இறுதிச் சடங்கைக் கைத்தொலைபேசியில் காட்டிவிட்டு, அவனும் இங்கேயே இருந்த மாதிரிதான் என்று ஆறுதல் சொல்கிறார்களே, அது. காட்சி போய்ச் சேர்கிறது; குரல் போய்ச் சேர்கிறது; இவை சிறிய பேறுகள் அல்ல; விடுமுறையோ விசாவோ கிடைக்காதவனுக்கு அவை உயிர்த்துணை. ஆனால் இருந்த மாதிரி என்று சொல்லிவிட்டால், வந்தவனுடைய வருகைக்கும் மதிப்பு இல்லாமற் போகிறது, வர இயலாதவனுடைய துக்கத்துக்கும் இடம் இல்லாமற் போகிறது. இல்லை, நான் அங்கே இல்லை என்று அவன் அழட்டும். அந்த அழுகையைப் பறித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

இவ்விடத்தில் நம்பிகள் மறுபடியும் உதவிக்கு வருகிறார். ராமானுஜர் தம் மனத்தில் எழுந்த சந்தேகங்களைப் பெருமாளிடம் விண்ணப்பிக்கும்படி நம்பிகளை வேண்ட, விசிறி வீசும் வேளையில் வரதன் அருளிய விடைகளை நம்பிகள் கொண்டுவந்து கொடுத்தார். அவையே ஆறு வார்த்தைகள் எனப்படுகின்றன. பரம்பொருள் தானே என்பதும், பேதமே தரிசனம் என்பதும், சரணாகதியே உபாயம் என்பதும், சரீரத்தின் முடிவில் மோட்சம் என்பதும், பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள்ள வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கியவை. இன்னும் ஒன்று உண்டு: தன்னைச் சரணடைந்தவனுக்கு உயிர் பிரியும் தறுவாயில் தன்னைப் பற்றிய நினைவு இன்றியமையாதது அன்று என்பது. நினைவு தப்பி, குழாய்களோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து உயிர் நீத்தவருடைய குடும்பத்தாருக்கு இதைவிட மேலான ஆறுதல் ஏது? கடைசிக் கணத்தில் என்ன நினைத்தார், என்ன சொன்னார், யார் அருகிலிருந்தார் என்பதையெல்லாம் கொண்டு இறைவன் கணக்குப் பார்ப்பதில்லை.

அப்படியானால், அந்தக் கணத்தில் இல்லாத மகன் அதற்குப் பின் 20 மணி நேரம் பறந்து வருவதனால் தகப்பனாருடைய கதிக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. இருந்தும் அவன் வருகிறான். வேள்வித் தீயில் பிறந்தவனுக்கு ஒரு மனிதனுடைய விசிறிக் காற்றால் வெம்மை தணியும் என்று யார் நிரூபிக்க முடியும்? இருந்தும் நம்பிகள் வீசினார். டிக்கெட் கிடைக்காமல், காரியம் எல்லாம் முடிந்து, பதின்மூன்றாம் நாளும் கழிந்தபின் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, இனிமேல் வந்து என்ன என்று கேட்கும் உறவினர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, அந்தக் கேள்வியை அவனிடம் கேட்காதீர்கள் என்பதே. அவன் தாய் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அவன் எடுத்திருக்கும் விடுப்பு முடிகிறவரை அவள் பக்கத்தில் இருக்கட்டும்.